வெள்ளையணுவின் உட்கரு: உருண்டை, முந்திரி, மூன்று முடிச்சு

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘டிசி’ என்று ஒரு பகுதி இருக்கும். நியூட்ரோஃபில் 62, லிம்ஃபோசைட் 28, ஈசினோஃபில் 6, மோனோசைட் 4, பேசோஃபில் 0 என்று ஐந்து எண்கள். கூட்டிப் பார்த்தால் சரியாக 100 வரும். கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ஒரு லேபில் இந்தத் தாளை வாங்கி, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள். தாளில் உள்ளதை டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு மருந்து எழுதுகிறார். அந்த ஒரு பார்வையில் அவர் என்ன படித்தார் என்பது நமக்கும் தெரிந்திருப்பது நல்லது.

அந்த ஐந்து எண்களின் அடிப்படை மிக எளியது. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஐந்து வகை. ஒவ்வொரு வகைக்கும் நடுவில் இருக்கும் உட்கருவுக்குத் தனி வடிவம். அந்த வடிவத்தையும் சுற்றியுள்ள நிறத்தையும் பார்த்து இனம் பிரித்து நூறு அணுக்களை எண்ணினால் டிசி தயார். சரி, சமையலறை வழியாக உள்ளே போவோம்.

முதலில், தோசை வார்ப்பது

விரலில் குத்தியோ ஊசியில் எடுத்தோ ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தில் வைக்கிறார்கள். பிறகு இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து அந்தத் துளியைத் தொட்டு, ஒரே இழுப்பில் முன்னால் தள்ளுகிறார்கள். கல்லில் மாவை ஊற்றிக் கரண்டியால் இழுப்பது போலத்தான். தொடங்கிய இடத்தில் தடிமனாகவும் முடியும் இடத்தில் முறுகலாகவும் ஒரு படலம் கிடைக்கும்.

தடித்த பகுதியில் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், எதுவும் தெரியாது. கடைசி முனையில் அவை உருக்குலைந்திருக்கும். ஆகவே முனைக்குச் சற்று முன்னால், அணுக்கள் தனித்தனியாக, ஒன்றையொன்று மெல்லத் தொட்டபடி பரவியிருக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும். இழுப்பு சரியில்லை என்றால் மேற்கொண்டு எது செய்தாலும் பயனில்லை. நல்ல லேப் டெக்னீஷியனின் கைத்திறன் இங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு, சாயம்

காய்ந்த படலத்தை அப்படியே பார்த்தால் வெள்ளையணு கண்ணுக்குப் பிடிபடாது. ஆகவே சாயம் ஏற்றுகிறார்கள். இந்திய லேப்களில் பெரும்பாலும் லீஷ்மன் சாயம். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் 1901ல் வெளியிட்ட முறை. அதில் இரண்டு நிறங்கள் உண்டு. ஒன்று நீலம், காரத்தன்மை கொண்டது. இன்னொன்று இயோசின் என்ற சிவப்பு, அமிலத்தன்மை கொண்டது.

உட்கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏ ஓர் அமிலம். ஆகவே அது கார நீலத்தை இழுத்துக்கொண்டு ஊதாவாகிறது. ஈசினோஃபிலின் உள்ளே இருக்கும் துகள்கள் காரத்தன்மை கொண்டவை. ஆகவே அவை சிவப்பு இயோசினைப் பிடித்துக்கொண்டு ஆரஞ்சு நிறமாகின்றன. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் ஆரத்தி சிவந்துபோவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? பொருளின் தன்மை நிறத்தில் தெரிகிறது. இங்கேயும் அதுதான் நடக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது. ஏறக்குறைய 600, 700 சிவப்பணுக்களுக்கு நடுவே ஒரு வெள்ளையணுதான் இருக்கும். ஆனாலும் ஊதா நிறக் கருவோடு அது பளிச்சென்று தெரிந்துவிடும்.

உட்கரு என்றால் என்ன?

உட்கருவை அரிசி மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்குள் இருக்கும் சரக்கு டிஎன்ஏ. ஒரே ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏ இழையை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அவ்வளவு நீளத்தையும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே உள்ள இடத்துக்குள் சுருட்டித் திணித்திருக்கிறது.

சரக்கு இருந்தால் சாக்கும் வேண்டும். உட்கருவைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அந்த உறையின் உட்புறத்தில் லேமின் என்ற புரதங்களால் பின்னிய ஒரு வலை. இந்த வலைதான் சாக்கின் விறைப்பைத் தீர்மானிக்கிறது. லேமின் ‘ஏ’ வகை நிறைய இருந்தால் உட்கரு சணல் சாக்கு போல விறைப்பாக இருக்கும். அது குறைந்தால் துணிப்பை போலத் துவண்டு கொடுக்கும். எலும்பு, தசை செல்களுக்கு விறைப்பான சாக்கு. நியூட்ரோஃபிலுக்குத் துவளும் பை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஐந்து வகையும் ஐந்து வடிவமும்

முதலில் லிம்ஃபோசைட். நாவல் பழத்தை வெட்டினால் கொட்டை பெரிதாகவும் சதை சுற்றிலும் மெல்லியதாகவும் இருக்கும். லிம்ஃபோசைட் அப்படித்தான். உருண்டையான, அடர்ந்த உட்கரு செல்லை ஏறக்குறைய முழுவதும் அடைத்துக்கொண்டிருக்கும். ஓரத்தில் மெல்லிய நீல விளிம்பு. இது நோய்க்கிருமியை நினைவில் வைத்திருக்கும் வகை. சில லிம்ஃபோசைட்கள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். வேண்டும்போது மீண்டும் பெருகவும் செய்யும்.

அடுத்தது மோனோசைட். ஐந்திலும் பெரியது இதுதான். உட்கரு முந்திரிப் பருப்பு போல ஒரு பக்கம் குழிந்திருக்கும். சிலவற்றில் குதிரை லாடம் போலவும் இருக்கும். இது ரத்தத்தில் ஓரிரு நாள் இருந்துவிட்டுத் திசுவுக்குள் நுழையும். அங்கே மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கி செல்லாக மாறும்.

மூன்றாவது நியூட்ரோஃபில். பழைய ரிப்போர்ட்டுகளில் பாலிமார்ஃப் என்று போட்டிருப்பது இதைத்தான். வெள்ளையணுக்களில் பாதிக்கும் மேல் இந்த வகை. இதன் உட்கரு இரண்டு முதல் ஐந்து கதுப்புகளாகப் பிரிந்து, கதுப்புக்கும் கதுப்புக்கும் நடுவே மெல்லிய இழையால் இணைந்திருக்கும். பூக்காரம்மா சரத்தில் முடிச்சு முடிச்சாகப் பூவைக் கட்டுவது போல. பார்ப்பதற்கு மூன்று கரு போலத் தெரியும். உண்மையில் ஒரே கரு, ஒரே உறை.

நான்காவது ஈசினோஃபில். இதற்குப் பெரும்பாலும் இரண்டே கதுப்பு. ஆனால் அடையாளம் சொல்வது நிறம். செல் முழுக்க ஒரே அளவில், நெருக்கமாக, கேசரி ரவை போல ஆரஞ்சுத் துகள்கள் நிறைந்திருக்கும்.

கடைசியில் பேசோஃபில். நூறில் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். இதன் கருவும் இரண்டு கதுப்புதான் என்றாலும் சரியாகத் தெரியாது. தாளிப்பில் கடுகு கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டது போலக் கருநீலத் துகள்கள் மேலே கிடந்து கருவையே மறைத்துவிடும்.

ஏன் மூட்டையைப் பிரிக்க வேண்டும்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். லிம்ஃபோசைட்டுக்கு உருண்டைக் கரு போதுமானதாக இருக்கும்போது, நியூட்ரோஃபிலுக்கு ஏன் இந்த முடிச்சு வேலை?

நியூட்ரோஃபிலின் பணி ஓடிப்போய்ச் சண்டை போடுவது. காலில் முள் குத்திக் கிருமி நுழைந்தால் முதலில் வந்து சேர்வது இதுதான். ஆனால் ரத்தக் குழாய்க்குள் இருந்துகொண்டு சண்டை போட முடியாது. குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே உள்ள நெருக்கமான சந்து வழியாக வெளியேற வேண்டும். செல்லின் குறுக்களவு 8, 9 மைக்ரான். சந்து சில நேரம் 1, 2 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

செல்லின் மற்ற பகுதி கூழ் போன்றது. எந்தச் சந்திலும் வழிந்து போய்விடும். மாட்டிக்கொள்வது உட்கருதான். குறுகலான சன்னல் வழியாக முழு அரிசி மூட்டையை நுழைக்கப் பார்த்தால் என்ன ஆகும்? நடுவில் சிக்கிக்கொள்ளும். அதே அரிசியை மூன்று சிறு பைகளாகக் கட்டி, ஒரே கயிற்றில் கோத்தால்? முதல் பை உள்ளே போகும், கயிறு இழுக்கும், இரண்டாவது போகும், மூன்றாவது போகும். சரக்கு ஒரு மணிகூடக் குறையாமல் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும்.

பிரிப்பதோடு வேலை முடியவில்லை. சாக்கையும் மாற்ற வேண்டும். ஆகவே நியூட்ரோஃபில் முதிரும்போது லேமின் ‘ஏ’யைக் குறைத்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம், லேமின் ‘பி’ ஏற்பி என்ற புரதத்தை அதிகமாக்குகிறது. சரக்கை உறையோடு சேர்த்துத் தைக்கும் ஊசிநூல் போன்றது இந்தப் புரதம். உறை துவண்டு, மடிந்து, கதுப்புகளாகச் சுருங்குவது இதனால்தான்.

இந்தத் துவளும் பைக்கு ஒரு விலை உண்டு. அது நீண்ட நாள் தாங்காது. நியூட்ரோஃபில் ரத்தத்துக்குள் வந்தபின் சில மணி நேரமோ சில நாளோதான் இருக்கும்; மீண்டும் பிரிந்து பெருகாது. அதனால் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோஃபில்களைப் புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இந்தச் செல்லுக்கு நீண்ட ஆயுளைவிட எங்கும் நுழையும் வசதி முக்கியம். கருவின் வடிவம் அதற்கேற்ப அமைந்திருக்கிறது.

பக்குவம் பார்ப்பது

எல்லா நியூட்ரோஃபிலும் பிறக்கும்போதே முடிச்சோடு பிறப்பதில்லை. எலும்பு மஜ்ஜையில் அது முதலில் உருண்டைக் கருவோடு தொடங்குகிறது. பிறகு ஒரு பக்கம் குழிந்து முந்திரி ஆகிறது. பிறகு மெலிந்து வளைந்த பட்டை ஆகிறது. கடைசியில் அங்கங்கே இறுகிக் கதுப்புகளாகப் பிரிகிறது. இந்தப் பக்குவம் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். முழுப் பக்குவம் வந்ததைத்தான் மஜ்ஜை வழக்கமாக வெளியே விடும்.

ஆனால் கடுமையான தொற்று வந்தால் பந்தியில் கூட்டம் நெரிகிறது. ஆகவே மஜ்ஜை அரைப் பக்குவத்திலேயே பரிமாறத் தொடங்கும். ஸ்லைடில் பட்டை வடிவக் கருக்கள் கூடியிருப்பதைப் பார்த்தால், உள்ளே எங்கோ பெரிய சண்டை நடக்கிறது என்று டாக்டர் புரிந்துகொள்வார். கதுப்புகளை எண்ணி நோயைக் கணிக்கும் இந்த வழியை ஜெர்மானிய மருத்துவர் யோசஃப் ஆர்னெத் 1904ல் வகுத்தார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கதுப்புகள் ஆறு, ஏழு என்று கூடிப்போனால் பெரும்பாலும் பி12 அல்லது ஃபோலேட் சத்துக் குறைவு என்று சந்தேகப்பட வேண்டும். டிஎன்ஏ செய்யத் தேவையான சத்து இல்லாததால் செல் உருவாவதில் ஒழுங்கு கெடுகிறது. கரு அளவுக்கு மீறித் துண்டாகிறது. இந்தச் சத்துக் குறைவின் கதையில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 1928 முதல் பம்பாயில் கர்ப்பிணி மில் தொழிலாளிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் அது குணமாவதை 1931ல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் பிறகு ஃபோலேட் என்று அறியப்பட்டது.

சில குடும்பங்களில் நியூட்ரோஃபிலுக்குக் கடைசி வரை இரண்டு கதுப்புக்கு மேல் வராது. நெதர்லாந்தின் பெல்கர் 1928ல் காசநோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டு, நோய் முற்றியதன் அடையாளம் என்று நினைத்தார். சில ஆண்டுகளுக்குள் ஹூயட் அது பரம்பரையாக வருவது, ஆபத்தில்லாதது என்று காட்டினார். மேலே சொன்ன ஊசிநூல் புரதத்தின் மரபணுவில் உள்ள மாற்றமே காரணம் என்று 2002ல் தெரிந்தது. இவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே வாழ்கிறார்கள். ஆகவே, சந்தில் நுழைவதற்குக் கதுப்பு மட்டுமே காரணமில்லை, பையின் துவளலும் சேர்ந்தே உதவுகிறது என்பது இவர்களால் நமக்குத் தெரிகிறது. உருண்டைக் கரு உள்ள லிம்ஃபோசைட்டும் குழாய்ச் சுவரைத் தாண்டித்தானே போகிறது?

தங்கவயலின் இருமல்

இதெல்லாம் தங்கவயலுக்கு ஏன் முக்கியம்? இங்கே தங்கம் குவார்ட்ஸ் பாறையின் கீற்றுகளில் இருந்தது. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்படும் வரை, அந்தப் பாறையைத் துளைத்தார்கள், வெடித்தார்கள், அரைத்தார்கள். சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். குவார்ட்ஸ் தூசி என்பது சிலிகா. அது அவர்கள் நுரையீரலுக்குள் போனது.

தூசி உள்ளே போனால் நுரையீரலில் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் அதை விழுங்குகின்றன. தூசி அதிகமானால் ரத்தத்திலிருந்து அந்த முந்திரிக் கரு மோனோசைட்டுகளும் வந்து, மேக்ரோஃபேஜாக மாறிக் கைகொடுக்கின்றன. கிருமியை விழுங்கினால் உள்ளிருக்கும் அமிலப் பையில் அரைத்துவிடும். ஆனால் சிலிகா அரைபடாது. கிரைண்டரில் உளுந்தோடு ஒரு கல் விழுந்தால் கல் அரைபடுமா? கிரைண்டர்தான் பாழாகும். சிலிகாத் துகள் அமிலப் பையைக் கிழிக்கிறது, செல் சாகிறது, துகள் வெளியே வருகிறது, அடுத்த செல் அதை விழுங்குகிறது. இந்தச் சுழற்சி ஓயாமல் நடந்து, நுரையீரலில் வடு மேல் வடு கட்டுகிறது. இதுதான் சிலிகோசிஸ். வேலையை விட்டபின்னும் வளரக்கூடிய நோய். 1940களில் தங்கவயல் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோரைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் இது இருந்தது.

சிலிகோசிஸ் வந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும். அதனால் இருமல் என்றால் தூசியா, காசநோயா என்ற கேள்வி இந்த ஊரில் எப்போதும் உண்டு. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது தங்கவயலுக்கு வடக்கே, அதிகத் தூரமில்லாத மதனப்பள்ளியின் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை. 1915ல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும் 1940ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். காசநோய் போலவே இருமல், எக்ஸ்ரேயிலும் நிழல்; ஆனால் அது காசநோய் இல்லை. ரத்தத்தில் ஈசினோஃபில்கள் குவிந்திருந்தன. இரண்டு கதுப்பும் ஆரஞ்சு ரவையும் கொண்ட அதே செல்தான்.

1943ல் வைன்கார்ட்டன் இந்த நோயை வெப்பமண்டல ஈசினோஃபிலியா என்று விவரித்தார். யானைக்கால் நோய்ப் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்கும்போது உடல் அளவுக்கு மீறிச் சீறுவதால் வருவது இது என்று பிறகு தெரிந்தது. ராத்திரியில் இருமலும் இழுப்பும் கூடும். நலமாக இருப்பவர் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஈசினோஃபில் 500க்குள் இருக்கும். இந்த நோயில் 3,000க்கும் மேல் போகும். யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டிஇசி மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலோருக்கு நல்ல குணம் தெரியும். காசநோய் என்று தவறாக முடிவு செய்தால் மாதக்கணக்கில் வேறு மருந்து. பழைய வட ஆற்காட்டிலும் யானைக்கால் நோய் இருந்தது. அங்கே சொந்தக்காரர் இல்லாத குடும்பம் தங்கவயலில் குறைவு.

ஆகவே, என்ன கேட்க வேண்டும்?

இன்று பல லேப்களில் இயந்திரமே எண்ணுகிறது. வேகம், செலவு இரண்டிலும் அது நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளையணுவை மூன்றாக மட்டும் பிரிக்கும் இயந்திரம் ஈசினோஃபிலைத் தனியாகக் காட்டாது. பட்டைக் கருவையோ ஏழு கதுப்பையோ அது உங்களுக்கு விவரித்துச் சொல்லாது. ஆகவே வாரக்கணக்கில் இருமல் இருந்தால், ரிப்போர்ட்டில் ஐந்து வகையும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஸ்லைடு போட்டுக் கண்ணால் பார்க்கும் ‘பெரிஃபெரல் ஸ்மியர்’ வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். பெரிய செலவில்லை. ஒரு துளி ரத்தம், ஒரு ஸ்லைடு, கொஞ்சம் சாயம், பழகிய ஒரு கண், இவ்வளவுதான் தேவை.

கூடவே இதையும் மறக்க வேண்டாம். ரத்தம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சிலிகோசிஸை எக்ஸ்ரேயும் வேலை வரலாறும் சேர்ந்துதான் காட்டும். காசநோய்க்குச் சளிப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். ஆகவே வீட்டில் சுரங்க வேலை பார்த்த பெரியவர் இருந்தால், எந்தச் சுரங்கம், என்ன வேலை, எத்தனை வருடம், துளை போட்டவரா என்பதை ஒரு தாளில் எழுதி ரிப்போர்ட்டோடு சேர்த்து டாக்டரிடம் கொடுங்கள். சுரங்கம் மூடி இத்தனை ஆண்டான பிறகு வந்திருக்கும் இளம் டாக்டருக்கு, கேட்காமல் அது தெரிய வழியில்லை. மூன்று இருமலுக்கும் மூன்று வைத்தியம். எது எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.